சிட்டுவின் படம்

ஃப்ரிட்ஜ் மூன்று நாளாகக் குளிரவில்லை என்று போன் வந்ததால் மெக்கானிக் காலையிலேயே அந்த வீட்டுக்குப் போனான். ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் தனியாக இருந்த வீடு. ஃப்ரிட்ஜைச் சுவரிலிருந்து இழுக்கக் கை வைத்தவன் அப்படியே நின்றுவிட்டான். கதவில் அவன் மகள் சிட்டுவின் படம் ஒட்டியிருந்தது. மூக்கில் குழாய், மொட்டைத் தலை, முன்பல் இல்லாத சிரிப்பு. ஆஸ்பத்திரியில் அவன் மனைவி எடுத்த படம். சிட்டு போய் இரண்டு வருஷம் ஆகிவிட்டது.

படத்துக்குக் கீழே வேறு ஏதோ பெயர் அச்சாகியிருந்தது.

“யாரும்மா இது?”

“எனக்கு வேண்டிய குழந்தைப்பா. ஆபரேஷனுக்கு உதவி கேட்டு இன்டர்நெட்ல போட்டிருந்தாங்க. மாசாமாசம் பென்ஷன்ல கொஞ்சம் அனுப்புறேன்.”

அவன் தன் போனில் இருந்த அதே படத்தைக் காட்டினான். “என் பொண்ணும்மா. இப்ப இல்லை.”

டீச்சர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். நம்பவில்லை. அந்த ஆட்களின் நம்பரை அழைத்து ஸ்பீக்கரில் போட்டார். ஒரு பெண் குரல் தேன் ஒழுகப் பேசியது.

“பாப்பா இப்பதான் கஞ்சி குடிச்சிட்டுத் தூங்குதும்மா. டீச்சரம்மா எப்ப வருவாங்கன்னு கேட்டுட்டே இருந்துச்சு.”

பொய் என்று அவனுக்குத் தெரியும். ஆனாலும் தூங்குகிறாள் என்றதும், கையிலிருந்த ஸ்குரூ டிரைவரைச் சத்தமில்லாமல் தரையில் வைத்தான்.

டீச்சர் அவன் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனை அணைத்தார். “அப்ப இவளுக்கு உடம்பு சரியாகப் போறதில்லையா?” என்று மட்டும் கேட்டார். பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுநாள் இருவரும் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார்கள். “உங்க பொண்ணு உயிரோட இல்லைங்கிறதுக்கு ஆதாரம் வேணுமே,” என்றார் இன்ஸ்பெக்டர், தயங்கியபடி. இறப்புச் சான்றிதழ் பீரோவில் சிட்டுவின் சட்டைகளுக்கு அடியில் இருந்தது. எதற்கு என்று மனைவி கேட்டபோது அவனால் மறைக்க முடியவில்லை.

“சொந்தக்காரங்க பார்க்கட்டும்னு நான்தானே அந்தப் படத்தை ஃபேஸ்புக்ல போட்டேன்,” என்றாள். “நானே தூக்கிக் கொடுத்த மாதிரி ஆயிடுச்சே.”

“நீ என்ன கனவா கண்ட?” என்றான்.

பணம் கேட்ட அந்த இன்டர்நெட் பக்கத்தைப் பத்து நாளில் போலீஸ் முடக்கியது. ஆள் அகப்படவில்லை. மறுமாதமே அதே படம் இன்னொரு பெயரில் வந்தது. வீட்டு வேலை முடிந்ததும் போனும் கையுமாக உட்கார்ந்து, தேடித் தேடிப் புகார் அனுப்பினாள் மனைவி. ஒன்றை மூடினால் இரண்டு முளைத்தன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டீச்சர் அவர்கள் வீட்டைத் தேடி வந்து மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“ஒன்றரை வருஷமா அவளுக்காக வேண்டிக்கிட்டேன்மா. அவங்க சொன்னது எதுவும் அவ இல்லை. நீ சொல்லு, அவ எப்படிப்பட்டவ?”

மகள் போனதிலிருந்து புருஷனும் பெண்டாட்டியும் அவள் பேச்சையே எடுத்ததில்லை. மனைவி புடவைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள்.

“சரியான வாயாடி,” என்றாள் கடைசியில். “ஊசி போட வர்ற நர்ஸ்கிட்ட, முதல்ல அப்பாவுக்குப் போடுங்க, வலிக்குதான்னு பார்த்துட்டுச் சொல்றேன்னு பேரம் பேசுவா.”

டீச்சர் சிரித்துவிட்டார். டீ போட்டுக்கொண்டிருந்த மெக்கானிக் அடுப்படி வாசலுக்கு வந்தான்.

“பெரிய ஊசியாப் போடுங்கன்னும் சொல்லுவா,” என்றான்.