அளவெடுத்துத் தைத்த விளம்பரம்

அந்த விளம்பரத்தைத் தட்டச்சு செய்த பாவி நான்தான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் துருவ வேண்டாம்.

ஸ்வீடனின் தெற்குக் கோடியில் ஒரு பல்கலைக்கழகம். அதன் வானியல் துறையில் இருபத்திரண்டு வருஷமாக நிர்வாகம் பார்க்கிறேன். பேராசிரியர்கள் நட்சத்திரங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். சாவி, சம்பளம், விடுப்பு, பழுதான காபி மெஷின் எல்லாம் இந்தக் குன்வோர் தலையில். போன ஜனவரியில் பேராசிரியர் டோர்கெலுக்கு ஆராய்ச்சி நிதி கிடைத்தது. ஒரே ஒரு முனைவர் பட்ட மாணவருக்கு நான்கு வருஷச் சம்பளம். அது தூவாவுக்குத்தான் என்பது தரை துடைக்க வருகிறவருக்குக்கூடத் தெரியும். தூவா அவனிடம் முதுகலை முடித்த பெண். நிதி வரட்டும், இடம் உனக்குத்தான் என்று அவன் சொன்ன ஒரு சொல்லை நம்பி, ஜெர்மனியில் கிடைத்த இடத்தை வேண்டாமென்று எழுதிவிட்டாள். ஒன்றரை வருஷமாக எங்கள் நூலகத்தில் புத்தகம் அடுக்கிக்கொண்டு காத்திருந்தாள்.

ஆனால் சட்டம் என்று ஒன்று இருக்கிறதே. மூன்று வாரம் ஊரறிய விளம்பரம் செய்ய வேண்டும், தகுதி கூடியவருக்கே கொடுக்க வேண்டும். அதனால் டோர்கெல் தூவாவை மனதில் நிறுத்திக்கொண்டே விளம்பரத்தைச் சொன்னான். என் மேசையோரம் நின்று ஏலக்காய் பன்னைக் கடித்தபடி அவன் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். பழைய புகைப்படக் கண்ணாடித் தகடுகளில் பதிந்த நட்சத்திரங்களின் ஒளியை அளந்திருக்க வேண்டும். அளக்கும் கணினி நிரலைத் தானே எழுதியிருக்க வேண்டும். நூறு வருஷத்துக்கு முந்தைய ஸ்வீடிஷ் கையெழுத்தில் இருக்கும் குறிப்பேடுகளைப் படிக்கத் தெரிய வேண்டும்.

“தூவாவோட செருப்பு அளவையும் போட்டுடலாமா?” என்றேன்.

“முப்பத்தெட்டு,” என்றான். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

நாற்பத்திரண்டு விண்ணப்பம் வந்தது. ஒன்று தூவாவுடையது. நாற்பது பேர் அந்தக் கையெழுத்திலேயே கவிழ்ந்துவிட்டார்கள். மிச்சம் ஒருவன்: யொவ்னி லாந்தோ. வடக்கே ஃபின்லாந்து எல்லையோரம் ஒரு பள்ளிக்கூடத்தில் தற்காலிக வாத்தியார். வம்சாவளி தேடுகிறவர்களுக்கு சர்ச்சின் பழைய பதிவேடுகளைப் படித்துக்கொடுத்தே கல்லூரிச் செலவைச் சமாளித்தவனாம். அந்தக் கையெழுத்து அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. நாங்கள் படமெடுத்து இணையத்தில் போட்டிருந்த தகடுகளை மூன்று குளிர்காலமாக உட்கார்ந்து அளந்திருக்கிறான். தூவா அளந்தது நூற்றிருபது, இவன் நானூறு. நிரலும் சொந்த நிரல்.

டோர்கெலின் முகத்தில் ஈயாடவில்லை. “இவன் எங்கேருந்துடா குதிச்சான்?” என்று தனக்குத் தானே கேட்டுக்கொண்டான்.

“நீ சொன்ன விளம்பரத்துலேருந்துதான்,” என்றேன்.

மதிப்பிட வெளியூரிலிருந்து நாங்கள் அமர்த்திய நிபுணர் யொவ்னிக்கு முதலிடம், தூவாவுக்கு இரண்டாமிடம் கொடுத்தார். கேட்ட தகுதிகளுக்கு இத்தனை கச்சிதமாகப் பொருந்துகிறவரைத் தன் அனுபவத்தில் பார்த்ததில்லை என்று பாராட்டு வேறு. கிழிஞ்சது போ என்று நினைத்துக்கொண்டேன். தகுதியை இனி மாற்ற முடியாது. யார் வந்து கேட்டாலும் காகிதங்களைக் காட்டியாக வேண்டிய நாடு இது.

டோர்கெலுக்கு ஒரே ஒரு வழிதான் மிச்சம் இருந்தது. யொவ்னியோடு வேலை செய்தவர்களிடம் ஆள் எப்படி என்று விசாரிக்க வேண்டும். கொஞ்சம் முசுடாக இருந்தால்கூடப் போதும், மற்றதைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னான். யொவ்னி இரண்டு பெயர் கொடுத்திருந்தான். முதல் பெயர் அவனுடைய தலைமையாசிரியர். அவர் அரைமணி நேரம் புகழ்ந்தார். இரண்டாவது பெயரை இரண்டு தரம் படித்தேன். தூவா. நேரில் பார்த்ததில்லை, மின்னஞ்சலில் மட்டும் பழக்கம், என் வேலையை வரிவரியாகப் பார்த்த ஒரே ஆள் என்று எழுதியிருந்தான். அவளும் இதே இடத்துக்குப் போட்டியிடுவது அந்த அப்பாவிக்கு எப்படித் தெரியும்?

போட்டியாளரிடமே கேட்கலாமா என்று விதிகளைப் புரட்டினேன். ஒரு வரி கிடையாது. இப்படியும் நடக்கும் என்று அவற்றை எழுதியவருக்குத் தோன்றியிருக்காது. டோர்கெலின் முகம் மலர்ந்துவிட்டது. “தூவாவா? நல்லதாப் போச்சு, அவளையே கேளு,” என்றான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தன் இடத்தை அவளே பொய் சொல்லிக் காப்பாற்றிக்கொள்ளட்டும் என்கிறான், மகராசன்.

தூவாவை நூலகத்திலிருந்து கூப்பிட்டு உட்காரவைத்து, ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். யொவ்னி பெயரைக் கேட்டதும் நாற்காலியை மேசைப் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிறகு, கேள் என்றாள். படிவத்தில் ஐந்து கேள்விகள். வேலையில் கவனமானவரா என்பது முதல் கேள்வி.

“என் நிரல்ல இருந்த தப்பக் கண்டுபிடிச்சதே அவன்தான். ரெண்டு வருஷம் பாத்தும் என் கண்ணுல படல.”

பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். என் மகளாயிருந்தால் அடித்தே இருப்பேன். “தூவா, சரியாத் தெரியாதுன்னு சொல்லிடு. நான் அப்படியே எழுதிக்கிறேன்.”

“தெரியுமே, குன்வோர்,” என்றாள்.

மற்றதற்கும் உண்மையைத்தான் சொன்னாள். பொறுமை உண்டு. தப்பைச் சுட்டினாலும் குத்திக்காட்ட மாட்டான். நான் எழுத எழுத அவளுடைய நான்கு வருஷம் என் பேனா முனையில் கரைந்துகொண்டிருந்தது. கடைசிக் கேள்விக்கு வந்தேன்: இவரோடு சேர்ந்து வேலை செய்ய விரும்புவீர்களா?

“கண்டிப்பா விரும்புவேன்,” என்றாள். “ஆனா எங்க? இருக்கறது ஒரே இடம்தானே?”

கட்டத்தில் அவள் பதிலின் முதல் பாதியை மட்டும் எழுதினேன்.