வண்டியைக் கொஞ்சம் கெடுத்துக் கொடுங்கள்

என் மனைவிக்கு லைசென்ஸ் டெஸ்ட் காலை பதினோரு மணிக்கு. வண்டியைக் கழுவித் துடைத்து, எண்ணெய் போட்டு, அவள் முன்னால் புதுசுபோல் நிறுத்த வேண்டும் என்ற நல்லெண்ணம் எனக்கு உதித்தது காலை ஆறு மணிக்கு. நடுவில் இருந்த ஐந்து மணி நேரத்தில், ஒரு நல்லவன் தன் குடும்பத்துக்கு என்னவெல்லாம் செய்யக்கூடாதோ அத்தனையையும் செய்து முடித்தேன்.

அவள் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறாள். நிலையம் இருப்பது தரைக்குக் கீழே. ஏழு வருஷமாக அங்கே ட்யூப் லைட் வெளிச்சத்தில் ரத்தக் குப்பிகளுக்கு ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருக்கிறாள். வெளியே மழையா வெயிலா என்பதை வருகிறவர்களின் குடையைப் பார்த்துத் தெரிந்துகொள்வாள். போன மாதம் வீடு வீடாகப் போய் ரத்தம் எடுக்கும் வேலை ஒன்று காலியானது. கேட்ட அன்றே, “எனக்குக் குடுங்க” என்று கையைத் தூக்கிவிட்டாள். மேனேஜர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். வெள்ளிக்கிழமைக்குள் பைக் டெஸ்ட் பாஸான சீட்டைக் காட்ட வேண்டும். இல்லையென்றால் வேலை அடுத்த ஆளுக்கு.

அவள் ஏற்கெனவே இரண்டு முறை ஃபெயில். முதல் முறை எட்டுப் போடும்போது காலை ஊன்றிவிட்டாள். இரண்டாம் முறை எட்டின் நடுவில் வண்டி அணைந்துவிட்டது. இன்று மூன்றாவது முறை. இன்றுதான் வெள்ளிக்கிழமை.

வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வருகிறவர்களுக்காக அவள் விடிந்ததும் கிளம்பிவிடுவாள். ஒன்பது மணிக்குத் திரும்பி வருவாள். ஆக, வண்டியும் நானும் மூன்று மணி நேரம் தனியாக இருந்தோம்.

என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். மூக்குக்கண்ணாடிக் கடையில் பவர் பார்ப்பவன். ஸ்பேனர் பிடிக்கிற கை இல்லை. ஆனால் பதினோரு வருஷமாக பாலிதீன் உறைகூடப் பிரிக்காமல் கிடந்த வண்டியின் கையேட்டை அன்று காலை பிரித்தேன். படிக்கத் தெரிந்தவனுக்கு வரும் திமிர் இருக்கிறதே, அது படிக்கத் தெரியாதவனுக்கு வரவே வராது.

கையேடு சொன்னபடி சைலன்சர் வாயில் பிளாஸ்டிக் பை கட்டினேன். வாளித் தண்ணீரில் ஷாம்பு கலந்து மேலிருந்து கீழாகக் கழுவி, பையை அவிழ்த்தேன். சேற்றுக்கு அடியில் வண்டி நீல நிறம் என்று தெரியவந்தது. நான் வாங்கும்போதும் நீலம்தான், மறந்துபோயிருந்தது. செயினை மண்ணெண்ணெயில் தேய்க்கப் பழைய பிரஷ் ஒன்று தேவைப்பட்டது. குளியலறையில் ஒன்று இருந்தது. தேய்த்து, துடைத்து, எண்ணெய் விட்டு, ஸ்கேல் வைத்து அளந்து, தொங்கிக்கொண்டிருந்த செயினை இழுத்துக் கட்டினேன். நகை போல மின்னியது.

“மாப்பிள்ளை, என் பிரஷ்ஷைப் பாத்தீங்களா?” என்று உள்ளேயிருந்து மாமியார் குரல் கேட்டது.

“எந்தக் கலர் அத்தை?”

“பச்சை.”

என் கையிலிருந்ததைப் பார்த்தேன். “இப்ப கறுப்பு” என்றேன்.

அதன் பிறகு சிறிது நேரம் உள்ளேயிருந்து என் குலம் கோத்திரம் பற்றிய பேச்சு கேட்டது. நான் தலையைக் குனிந்து கிளட்சுக்குப் போனேன். கிளட்ச் லீவர் தொளதொளவென்று ஆடியது. கையேட்டில் எத்தனை மில்லிமீட்டர் ஆட வேண்டும் என்று படம் போட்டிருந்தது. அந்த அளவுக்குக் கேபிளை இறுக்கினேன். இன்ஜின் சும்மா நிற்கும்போதும் கத்திக்கொண்டிருந்தது. அதற்கென்று ஒரு திருகு உண்டு என்று கையேடு காட்டிக்கொடுத்தது. திருகினேன். இன்ஜின் தூங்குகிற பூனை மாதிரி முனகியது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

கடைசியாக பாலிஷ். டேங்குக்குப் போட்டேன், பக்கத்துத் தகடுகளுக்குப் போட்டேன். புட்டியில் இன்னும் கொஞ்சம் இருந்தது. மிச்சம் வைப்பது எனக்குப் பிடிக்காது. சீட்டுக்கும் போட்டேன்.

ஒன்பது மணிக்கு அவள் வந்தாள். வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“இது யாரு வண்டிங்க?”

வாழ்க்கையில் என்னை யாரும் இவ்வளவு பெரிதாகப் பாராட்டியதில்லை. வாயெல்லாம் பல்லாகச் சாவியை நீட்டினேன்.

அவள் ஏறி உட்கார்ந்தாள். உட்கார்ந்த இடத்தில் அவள் இல்லை. வழுக்கிக்கொண்டே போய் டேங்கில் முட்டி நின்றாள். பின்னால் நகர்ந்தாள், மறுபடி முன்னால் வந்தாள்.

“என்னங்க தடவி வெச்சிருக்கீங்க?”

“பாலிஷ்.”

“சீட்டுக்கா? நான் டெஸ்டுக்குப் போறேனா, சறுக்கு மரத்துக்கா?”

சரி, சீட்டைத் துடைத்துக்கொள்ளலாம் என்று வண்டியைக் கிளப்பினாள். கியர் போட்டாள். வழக்கம்போல் கிளட்சைக் கொஞ்சூண்டு விட்டாள். ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் கொஞ்சம் விட்டாள். அப்போதும் இல்லை. குனிந்து கையைப் பார்த்தாள். வண்டி ஒரு துள்ளுத் துள்ளி, கேட்டை முத்தமிட்டு, அணைந்தது.

மறுபடி கிளப்பினாள். துள்ளல், அமைதி. மூன்றாவது முறையும் அதே துள்ளல், அதே அமைதி. மாமியார் ஜன்னலில் வந்து நின்று, வாய்க்குள் விரலால் பல் தேய்த்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கிளட்சுல கைய வெச்சீங்களா?” என்றாள் அவள். குரல் ரொம்ப மெதுவாக வந்தது. அது நல்லதற்கில்லை.

“சரி பண்ணேன். புக்ல போட்டிருந்த அளவுக்கு.”

“கத்துமே, அந்த இன்ஜின் சத்தம் எங்க?”

“அதையும்...”

“செயின் சடக்சடக்குன்னு அடிக்குமே?”

“அதுவும்...”

அவள் ஹேண்டில்பாரில் நெற்றியை வைத்துக்கொண்டாள். “ஏங்க, ரெண்டு மாசமா நான் இந்த வண்டிலதான கத்துக்கிட்டேன்? லீவரக் கொஞ்சம் விட்டதுமே பிடிக்கும்னு கைக்குத் தெரியும். ஆக்சிலேட்டரத் தொடாமலே அதுபாட்டுக்கு உருளும், அந்த உருட்டல்லதான் எட்டு போடுவேன். சடக்சடக்க எண்ணித்தான் திரும்புவேன். இப்ப இது ஓடுதா நின்னுச்சான்னே தெரியல. நல்ல வண்டிய ஓட்ட எனக்கு எங்கங்க தெரியும்?”

ஏழு வருஷத்து ட்யூப் லைட்டிலிருந்து வெளியே வர அவளுக்கு இருந்தது ஒரே ஒரு ஓட்டை வண்டி. அந்த ஓட்டைகளை எல்லாம் தேடித்தேடி நான் அடைத்துவிட்டிருந்தேன்.

“பழையபடி கெடுத்துக் குடுங்க” என்றாள்.

கெடுப்பது சுலபம் என்று நினைப்பவர்கள் முயன்று பார்க்கலாம். கிளட்ச் முன்பு எவ்வளவு தளர்வாக இருந்தது என்று எனக்கு நினைவில்லை. திருகை எத்தனை சுற்று சுற்றினேன் என்று எண்ணவுமில்லை. சரியான அளவு கையேட்டில் இருக்கிறது. தப்பான அளவை எவன் எழுதி வைத்திருக்கிறான்?

அவள் சீட்டைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். பாலிஷோடு சோப்பும் சேர்ந்ததில், அதன் மேல் ஈ உட்கார்ந்தால்கூட வழுக்கும் என்ற நிலை வந்தது. கடைசியில் ஒரு குளியல் துண்டைச் சீட்டின் மேல் விரித்து, துணி காயப்போடும் கயிற்றால் இறுக்கிக் கட்டினோம். வண்டியைத் தள்ளிக்கொண்டு தெருமுனை மெக்கானிக்கிடம் ஓடினோம்.

மெக்கானிக் ஒரு இன்ஜினைக் குடல் வெளியே தெரியப் பிரித்துப்போட்டு உட்கார்ந்திருந்தார். வண்டியைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

“புதுசா சார்?”

“பழசுதான். கழுவினேன். இதைக் கொஞ்சம் கெடுத்துக் குடுங்க.”

அவர் என்னைப் பார்த்தார், பிறகு துண்டைப் பார்த்தார். “அக்கா, சாருக்கு உடம்பு ஏதும்...?”

அவள் விஷயத்தை மூச்சுவிடாமல் சொன்னாள். மெக்கானிக் முதலில் உதட்டைக் கடித்துப் பார்த்தார். பிறகு டயர் அடுக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு டயர் அடுக்கும் சரிந்தது.

“நல்லாக்கிக் குடுன்னுதான்க்கா இதுவரைக்கும் வந்திருக்காங்க. கெடுத்துக் குடுன்னு வந்த முத ஆளு நீங்கதான். சரி, சத்தத்த ஏத்தித் தரேன்.” திருகை ஒரு திருப்பு திருப்பினார். இன்ஜின் பழையபடி கத்த ஆரம்பித்தது. அவள் முகத்தில் லேசாக ரத்தம் திரும்பியது. “செயின தளத்த மாட்டேன். அதுல சார் பண்ணது நல்ல வேல, சடக்சடக்க நீங்க வாயால எண்ணிக்குங்க.”

“கிளட்ச்?” என்றேன் நான்.

“எவ்வளவு லூசா இருந்துச்சு?”

“தெரியாது.”

“அப்ப எனக்கு மட்டும் கனவுல வருமா?” என்று சொல்லி, ஒரு சின்ன ஸ்பேனரை என் கையில் திணித்தார். “கிரவுண்டுக்குப் போங்க, மணியாச்சு.”

பத்தே முக்காலுக்கு மைதானத்தில் இருந்தோம். வரிசையில் எங்களுக்கு முன்னால் ஆறு பேர். சுண்ணாம்புக் கோட்டில் பெரிய எட்டு. குடைக்கு அடியில் நாற்காலி போட்டு ஆய்வாளர் உட்கார்ந்திருந்தார். இரண்டு முறை அவளை ஃபெயிலாக்கிய அதே ஆள். அவள் லீவரைப் பிடித்துப் பிடித்து விட்டுப் பார்த்தாள்; பழைய பிடி கிடைக்கவில்லை. ஸ்பேனர் இருந்தது என் கையில்.

என்ன செய்வதென்று தெரியாதபோது மனிதன் தன் தொழிலைச் செய்கிறான். “கண்ண மூடு” என்றேன்.

“என்னது?”

“கண்ண மூடிட்டு லீவரப் பிடி. நான் கொஞ்சங்கொஞ்சமா திருகுறேன். இது நல்லாருக்கா, இதுக்கு முன்னாடி நல்லாருந்துச்சான்னு சொன்னாப் போதும்.”

கடையில் ஒரு நாளைக்கு நாற்பது பேரிடம் கேட்கிற கேள்வி. கண்ணாடித் துண்டை மாற்றி மாற்றிப் போட்டு, இதுவா அதுவா என்று கேட்டுக்கேட்டே ஒருவருக்கு எழுத்தைத் தெரியவைத்துவிடலாம். அரைச் சுற்று தளர்த்தினேன்.

“இதுவா, முன்னாடியா?”

“இது.”

இன்னும் அரைச் சுற்று. “இதுவா?”

“இது. இன்னும் கொஞ்சம்.”

வரிசை நகர்ந்தது. நாங்களும் அவள் கண் மூடியபடியே, நான் குனிந்தபடியே நகர்ந்தோம். பின்னால் நின்றவர், “என்ன பண்றாங்க இவங்க?” என்று கேட்க, இன்னொருவர், “வேண்டுதலா இருக்கும்” என்றார்.

“இதுவா?”

“ஐயோ, தாண்டிட்டீங்க. முன்னாடி இருந்ததுதான்.”

கால் சுற்றுப் பின்னால் வந்தேன். அவள் லீவரைப் பிடித்தாள், விட்டாள், பிடித்தாள். கண்ணை மூடியபடியே சிரித்தாள். “பழைய ஆளு வந்துட்டான்” என்றாள்.

“அடுத்தது!” என்று ஆய்வாளர் கத்தினார். துண்டைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்தார். “என்னம்மா, குளிக்கவா வந்திருக்கீங்க?”

“இல்ல சார், பாஸ் பண்ண.”

அவள் கிளம்பினாள். லீவரைக் கொஞ்சம் விட்டதுமே வண்டி பிடித்து உருள ஆரம்பித்தது. முதல் வளைவில் லேசாக ஆடினாள். என் கால் என்னை அறியாமல் தரையில் ஊன்றி ஊன்றிப் பார்த்தது. அவள் கால் ஊன்றவில்லை. நடுக்கோட்டைத் தாண்டினாள், இரண்டாவது வளைவில் சாய்ந்தாள். அப்போதுதான் அவள் சிரிக்க ஆரம்பித்தாள், மைதானத்துக்கே கேட்கிற மாதிரி. சிரித்துக்கொண்டே முதல் எட்டை முடித்து, சிரித்துக்கொண்டே இரண்டாவதையும் முடித்து, நிறுத்தாமல் மூன்றாவதுக்குள் நுழைந்தாள்.

“ரெண்டு போதும்மா!” என்று ஆய்வாளர் எழுந்து நின்றார்.

அவள் மூன்றாவதையும் முடித்தாள். நான்காவதன் பாதியில் அவர் குறுக்கே போய்க் கையை விரித்துத் தடுத்தார்.

“எதுக்கும்மா சிரிச்சீங்க?”

“இத இவரு கழுவினத நெனச்சேன் சார்.”

அவர் என்னைப் பார்த்தார். பளபளக்கும் வண்டியையும் பார்த்தார். எதுவும் புரியாமல், எதையும் கேட்காமல், பாஸ் சீட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அவள் சீட்டை வாங்கினாள். இரண்டு முறை படித்தாள். சட்டைப் பையில் வைத்து, ஹெல்மெட்டை அழுத்தி மாட்டி, வண்டியைக் கிளப்பி, நேராக மைதானத்து வாசலை நோக்கிப் போனாள். அங்கே வளைவாள், என்னை ஏற்றிக்கொள்ள வருவாள் என்று ஸ்பேனரோடு நின்றேன். அவள் வளையவில்லை. விளக்கைப் போட்டு, கையைக் காட்டி, முறைப்படி சாலையில் ஏறி, போயே போய்விட்டாள்.

அரை மணி நேரம் கழித்து போன் வந்தது.

“ஏங்க, வேலை எனக்குத்தான்! சீட்டக் காட்டினேன், ரத்தம் எடுக்கற பையக் குடுத்துட்டாங்க. இப்பவே ஒரு வீடு இருக்காம், ஆத்துப் பாலத்துக்கு அந்தப் பக்கம். நீங்க எங்க இருக்கீங்க?”

“கிரவுண்டுல.”

“அங்க என்ன பண்றீங்க?”

“நீ விட்டுட்டுப் போயிட்ட.”

அவள் சிரித்த சிரிப்பில் நான் போனைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது.

“ஐயோ, சத்தியமா மறந்தே போயிட்டேங்க! கோவமா?”

“நான் இங்க தனியா நின்னு பல்ல இளிச்சிட்டு இருக்கேன். அந்த ஆபீசர் ரெண்டு தடவ திரும்பிப் பாத்துட்டார்.”

“அப்ப அங்கயே இருங்க. வேலய முடிச்சிட்டு வந்து தூக்கிக்கறேன்” என்றாள். சொல்லிவிட்டுப் போனைப் பையில் போட்டாள். அணைக்க மறந்துவிட்டாள்.

நானும் அணைக்கவில்லை. வண்டி கிளம்புவது கேட்டது. கியர் விழுவது கேட்டது, அடுத்தது, அதற்கடுத்தது. அவள் ஏதோ ஒரு பாட்டைச் சுதி சேராமல் முனகிக்கொண்டே போனாள். ஒரு பஸ்காரனை, “வழி விடுய்யா, வேலைக்குப் போறேன்ல!” என்று அதட்டினாள். பிறகு காற்றுச் சத்தம் பெரிதாகியது. பாலத்தில் ஏறிவிட்டாள்போல. நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, இன்னும் கொஞ்ச தூரம் அவளோடு போய்க்கொண்டிருந்தேன்.