மஞ்சள் டேக் கட்டிய மூட்டை

இருநூற்றுப் பதினைந்து நாட்கள் இருந்தன. ஜூலை பத்தாம் தேதி, கேன்டீன் வரிசையில் தட்டோடு நின்றபடி மாதம் மாதமாகக் கூட்டிப் பார்த்தேன். சற்று முன்புதான் அட்மின் ராஜசேகர் சார், கேன்டீன் சன்னலை ஒட்டிய மூங்கில் வேலிக்கு முன்னால் நின்று, தோட்ட வேலை பார்க்கும் கிளியம்மாள் அக்காவிடம் கெடு சொல்லிக்கொண்டிருந்தார்.

“பிப்ரவரி பத்து, ஹெட் ஆபீஸ்லேர்ந்து வராங்கம்மா. அதுக்குள்ள இலையில வெள்ளைக் கோடு வரலைன்னா வேரோட எடுத்துடலாம். பிளாஸ்டிக்ல மூங்கில் வந்திருக்கு. கிட்டப் போய்ப் பாத்தாகூட தெரியாது.”

“பிளாஸ்டிக்குக்குத் தண்ணி ஊத்தவா சார் என்ன வெச்சிக்கப் போறீங்க?”

சார் போனைக் காதில் வைத்துக்கொண்டு நடந்துவிட்டார். அக்கா ஹோஸ் பைப்பை மிதித்தபடி அங்கேயே நின்றார்.

நான் வல்லம் வடகாலில், கார் கதவுக்கு ரப்பர் சீல் செய்யும் இந்தக் கம்பெனியில், இன்ஸ்பெக்ஷன் லைனில் கான்ட்ராக்ட் வேலையில் இருக்கிறேன். படித்தது பி.எஸ்ஸி. தாவரவியல். பெயர் இசைவாணி. “பேருலதான்டி உனக்கு சவுண்டு, வாயில இல்ல” என்பாள் எனக்கு அடுத்த டேபிளில் நிற்கும் படப்பை சசிரேகா. உண்மைதான். பஸ்ஸில் என் நிறுத்தம் வந்தால்கூட யாராவது இறங்க மாட்டார்களா என்று பார்ப்பேன். யாரும் இறங்காவிட்டால் அடுத்த நிறுத்தத்திலிருந்து நடந்து வருவேன்.

அந்த மூங்கில் நடும்போது ஒவ்வொரு இலையிலும் பேனாவால் இழுத்தது போல வெள்ளைக் கோடு இருந்ததாம். அதற்காகத்தான் அதை வாங்கினார்கள். இரண்டு வருடத்தில் கோடு போய் முழுப் பச்சையாகிவிட்டது. நர்சரிக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று ராஜசேகர் சார் நினைத்தார். எனக்குக் காரணம் வேறு என்று தெரிந்தது. கிளியம்மாள் அக்கா வடக்குப்பட்டுக்காரர். நெல் நட்டவர். களை எடுத்ததும் ஒரு தடவை, தூர் கட்டும்போது ஒரு தடவை, மழைக்கு முன்னால் ஒரு தடவை என்று மூங்கிலுக்கும் நெல்லுக்குப் போடும் கணக்கிலேயே யூரியா போட்டுவந்தார். இலை கரும்பச்சையாக ஆக ஆக அவருக்குச் சந்தோஷம். “பாரு, இன்னா செழிப்பு!” என்று கேன்டீனுக்கு வருபவர்களை நிறுத்திக் காட்டுவார்.

கடைசி வருடப் புராஜெக்டுக்காக மூன்று மாதம் குரோட்டன்ஸ் இலைகளை வெள்ளை தனியாக, பச்சை தனியாக வெட்டி அரைத்து, பச்சையத்தை அளந்திருக்கிறேன். வெள்ளைப் பகுதிக்குத் தனக்கான சாப்பாட்டைச் சமைக்கத் தெரியாது. பக்கத்திலிருக்கும் பச்சைதான் அதற்கும் சேர்த்துச் சமைக்கிறது. இப்படிப்பட்ட செடியில் எப்போதாவது முழுப் பச்சையாக ஒரு தண்டு வரும். அது மற்றவற்றைவிட வேகமாக வளரும். யூரியா கிடைத்தால் இன்னும் வேகம். கோடுள்ள தண்டுகளை மூடிவிடும். வேலிக்குள் குனிந்து பார்த்தால் கீழே, வெளிச்சம் இல்லாத இடத்தில், கோடுள்ள தண்டுகள் மெலிந்துபோய் இன்னும் இருந்தன.

இதை அக்காவிடம் சொன்னால் போதும். என் சாப்பாட்டு மேசைக்கும் அவருக்கும் பத்தடி தூரம். மூன்று நாள் எழுந்து எழுந்து உட்கார்ந்தேன். நான்காம் நாள் என் டேபிளிலிருந்து ஒரு மஞ்சள் டேக்கை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

எங்கள் லைனில் பச்சை டேக் என்றால் ஓகே, சிவப்பு என்றால் ரிஜெக்ட், மஞ்சள் என்றால் ஹோல்டு. ஹோல்டு கட்டிய பெட்டியை மேனேஜர்கூடத் தொட மாட்டார். கட்டியவர்தான் வந்து அவிழ்க்க வேண்டும். தேவையில்லாத பொருளில் டேக் கட்டினால் கான்ட்ராக்ட் ஆளை அன்றைக்கே கேட்டுக்கு வெளியே அனுப்பிவிடுவார்கள். எனக்கு அது தெரியும். கையுறை வாங்க ஸ்டோருக்குப் போனபோது ஸ்டோர் கிளார்க் நரசிம்மன் அண்ணன் டீ குடிக்கப் போயிருந்தார். மேலே இருந்த யூரியா மூட்டையின் வாயில் டேக்கைக் கட்டினேன். ‘ஹோல்டு. மூங்கிலுக்கு இது வேண்டாம். முழுப் பச்சைத் தண்டுகளை அடியோடு வெட்டவும். கோடு உள்ளதை விடவும்.’ கீழே கையெழுத்து மாதிரி ஒரு கிறுக்கல்.

மறுநாள் கையுறை கிழிந்துவிட்டது என்று பொய் சொல்லி மறுபடியும் ஸ்டோருக்குப் போனேன். யூரியா வாங்க வந்த கிளியம்மாள் அக்கா அங்கே நின்றிருந்தார்.

“டேக் போட்டுக்கீது. நான் கை வெக்க மாட்டேன்” என்றார் நரசிம்மன் அண்ணன்.

“யாருபா போட்டது?”

தெரியாது என்றால், அவர் இல்லாத நேரத்தில் ஸ்டோருக்குள் யாரோ வந்துபோனதை ஒப்புக்கொண்டதாகிவிடும். “போட வேண்டியவங்க போட்டுக்கீறாங்க” என்று ரெஜிஸ்டரைப் புரட்டினார்.

கிளியம்மாள் அக்கா அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு சிரித்தார். “நீதானா? சொல்லிக்கினா கொறஞ்சா பூடுவ?”

அண்ணன் இல்லையென்று சொல்லவில்லை. அடுத்த நாள் அவர் மேசையில் ஒரு கட்டு முருங்கைக்கீரை இருந்தது.

ஆடி மாதம் முழுக்க அக்கா வெட்டினார். வேலி பாதியாகிவிட்டது. “இன்னாடி இது, திருப்பதி போயி மொட்ட போட்டுக்கினு வந்தா மாதிரி கீது” என்று சசிரேகா சிரித்தபோது நான் தட்டைப் பாதியில் எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். ஆவணியில் இரண்டாவது டேக். மக்கிய தொழு உரம், தூருக்கு இரண்டு கை, தண்டில் படாமல். அக்கா தன் தம்பி வீட்டு மாட்டுச் சாணம் மக்கியதைச் சாக்கில் கட்டி ஷேர் ஆட்டோவில் கொண்டுவந்தார். “அத்த மடியில வெச்சிக்கோ, இல்லன்னா அதுக்கும் ஒரு டிக்கெட்டு எடு” என்று டிரைவர் சொன்னானாம். மடியில் வைத்துக்கொண்டே வந்ததாக கேட் செக்யூரிட்டியிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. மூன்றாவது டேக்கில், மழை ஓயும்வரை எதுவும் போட வேண்டாம், போட்டால் கால்வாய்க்குத்தான் போகும், உதிர்ந்த இலை அங்கேயே கிடக்கட்டும் என்று எழுதினேன். ஹவுஸ்கீப்பிங் ஆட்கள் இலையைக் கூட்ட வந்தார்கள். அக்கா வேலிக்கு முன்னால் கையை விரித்து நின்றார். “டேக்ல எழுதிக்கீது. தொட்ட, தொடப்பத்த ஒடச்சிடுவேன்.”

கார்த்திகையில் ஒரு காலை. ராத்திரி முழுக்க மழை பெய்து விட்டிருந்தது. வேலியின் அடியில் புதிதாக ஒரு தண்டு. அதில் சுருள் பிரியாத இரண்டு இலைகள், பிரிந்த ஒரு இலை. அந்த ஒன்றில் வெள்ளைக் கோடு, நுனி வரைக்கும். ஷிப்டுக்கு மணி அடித்தும் நான் குனிந்தே இருந்தேன். பக்கத்தில் யாரோ குனிந்தார்கள். கிளியம்மாள் அக்கா.

“இன்னா கண்ணு, அப்டி பாக்குற?”

“நல்லா இருக்குக்கா.”

அவ்வளவுதான் வந்தது. ஆனால் அன்றைக்கு லைனில் நான் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்ததாகவும், அது பாட்டாக இருக்கலாம் என்றும் சசிரேகா டேபிள் டேபிளாகப் போய்ச் சொன்னாள்.

மார்கழியில் நான்காவது டேக். ஒரு பிடி அடுப்புச் சாம்பல், போதும். தையில் வேலி முழுக்கக் கோடு. வெயில் படும்போது இலைகள் அசைந்தால் கேன்டீன் சன்னல் முழுக்க வெளிச்சம் ஓடியது. நரசிம்மன் அண்ணனுக்கு இந்த ஏழு மாதத்தில் கீரை, சுரைக்காய், தீபாவளிக்கு அதிரசம், பொங்கலுக்குக் கரும்பு என்று வந்துகொண்டே இருந்தது. அதிரசத்தின் வாசனை கையுறை வாங்கப் போன எனக்கும் வந்தது. அன்றைக்கு மட்டும் கொஞ்சம் பொறாமைப்பட்டேன்.

பிப்ரவரி பத்தில் வந்தவர்கள் வேலிக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் போனதும், இரண்டு மணி ஷிப்டு மாறும் நேரத்தில், ராஜசேகர் சார் எங்கள் எல்லோரையும் அங்கேயே கூட்டினார். கிளியம்மாள் அக்காவுக்குக் கைதட்டச் சொன்னார். அக்கா கூட்டத்துக்குள் புகுந்து நரசிம்மன் அண்ணனின் கையைப் பிடித்து இழுத்து வந்தார். “எனக்கு இன்னா தெரியும் சார்? எல்லாம் இவரு எழுதிக் குடுத்ததுதான்.”

கைதட்டல் இன்னும் பலமாக எழுந்தது. அண்ணன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

“செகண்ட் பிளான்ட்லயும் இதையே வைக்கச் சொல்லிட்டாங்க” என்றார் சார். “வெயில் காலம் வருதே நரசிம்மன், அடுத்தது என்ன போடணும்? சொல்லுங்க, அந்தம்மா கேட்டுக்கட்டும்.”

நரசிம்மன் அண்ணன் மூங்கிலைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார்.

“யூரியாதான் சார். கொஞ்சம் தூக்கலா. வெயிலுக்குச் செடி தாங்கணும்ல.”

“அதான் வாணாம்னு எழுதினியேபா?” என்றார் அக்கா.

“அது அப்போ. இப்போ போடலாம்.”

அக்கா ஏழு மாதமாக ஒரு டேக்கையும் மீறியதில்லை. “சரி, நீ சொன்னா சரி” என்று ஸ்டோருக்குப் போய், தள்ளுவண்டியில் அந்த மூட்டையை ஏற்றிக்கொண்டு வந்தார். மேலே மஞ்சள் டேக் வெளுத்துப்போய்த் தொங்கியது. இன்று சாயங்காலமே போட்டுவிடுவார். அவர் வேலை சுத்தமான வேலை, ஒரு தூர் விடமாட்டார்.

நரசிம்மன் அண்ணன் எல்லோரும் பார்க்கக் குனிந்து டேக்கின் முடிச்சில் நகத்தை வைத்தார். அது இறுகியிருந்தது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். எனக்கு முன்னால் நின்றவர்கள் ஒவ்வொருவராக விலகுவது தெரிந்தது. நான்தான் நடந்துகொண்டிருக்கிறேன் என்பது சசிரேகா என் துப்பட்டாவைப் பிடித்தபோதுதான் புரிந்தது. பிடித்தவளே விட்டுவிட்டாள்.

“அத அவுக்காதீங்கண்ணே.”

ராஜசேகர் சார் திரும்பினார். கிளியம்மாள் அக்கா வண்டியின் கைப்பிடியை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். அவருக்குப் பின்னால் இலைகள் அசைந்துகொண்டிருந்தன.

“அந்த ஹோல்டு நான் போட்டதுக்கா,” என்றேன். பின்வரிசைக்கும் கேட்டிருக்கும். “நாலு டேக்கும் நான்தான் எழுதினேன்.”