பச்சைப் பாதையில் நாற்காலிகள்

கடைக்குள்ளிருந்து புது பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்கோடு தூக்கி வந்து, உறையைக் கிழித்து, ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டிருந்தான் அப்சல். மேலே ஷாமியானா கட்டியாகிவிட்டது. அரூரிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்த அவன் தங்கை ஹுமேரா, பையைக்கூடக் கீழே வைக்காமல் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நாற்காலி அத்தனையும் சைக்கிள் பாதையில்.

துக்கம் கேட்க மய்யித்து வீட்டுக்கு வருகிறவர்கள் உட்கார வாசலில் நாற்காலி போடுவது வழக்கம்தான். தருமபுரியில் அதை யாரும் தப்பு சொல்ல மாட்டார்கள். ஆனால் அவர்களைப் பெற்ற அத்தா, அக்பர் அலி, நேற்று விழுந்தது அந்த இடத்துக்கு நேர் எதிரே.

இரண்டு வருடம் முன்பு இந்தக் கடைத்தெருவைத் தோண்டிப் புதிதாகப் போட்டார்கள். நடக்கிறவர்களுக்கு உயர்ந்த நடைபாதை, ஒட்டினாற்போல் பச்சைப் பெயின்ட் அடித்த சைக்கிள் பாதை, மிச்சம் இருந்ததில் வண்டிகள். வியாபாரிகள் எல்லாரும் வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டார்கள். சந்தோஷப்பட்டது அக்பர் அலி ஒருவர்தான். "இந்த வயசுல எனக்குன்னு தனியா ஒரு ரோடு போட்டுக் குடுத்திருக்காங்க பாத்துக்க" என்று சைக்கிளைத் துடைத்து வைத்தார். பாதை திறந்த அன்று ஹுமேராதான் போனில் படம் எடுத்தாள். ஹேண்டில்பாரைப் பிடித்தபடி, தாடையைத் தூக்கி, புது மாப்பிள்ளை மாதிரி நின்றார்.

கொஞ்ச நாளில் கடைகள் நடைபாதையை விழுங்கின. பிறகு பீரோவும் கட்டிலும் பச்சைப் பெயின்டுக்கு இறங்கின. முதலில் இறக்கியவன் அப்சல். மாடியில் வீடு, கீழே அவன் பர்னிச்சர் கடை. கிழவர் தினமும் சொல்லிப் பார்த்தார்.

"பீரோவ உள்ள தள்ளுடா."

"உள்ள வெச்சா யாரு கண்ணுக்குத்தா தெரியும்?"

நேற்று சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டு சைக்கிளில் வந்தவர், மகனுடைய பீரோவைச் சுற்றிக்கொண்டு ரோட்டில் இறங்கினார். பின்னால் ஒரு வேன். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது.

மாடியில் ரஹமத் பீவி அழாமல் உட்கார்ந்திருந்தாள். மகளைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தெனமும் வூட்டுக்கிட்ட வந்ததும் ரெண்டு தரம் மணி அடிப்பாரு. நான் டீ வெப்பேன். நேத்து விடாம அடிச்சாரு. டீக்கு ஏன் இந்த மனுசன் இப்படி அவசரப்படறாருன்னு திட்டிக்கிட்டே அடுப்பப் பத்த வெச்சேன்."

அந்த மணி டீக்கு இல்லை, வழிக்கு என்று ஹுமேராவுக்குப் புரிந்தது. அம்மாவிடம் சொல்லவில்லை.

லுஹர் தொழுகைக்கு முன் ஜனாஸாவைச் சந்தூக்கில் வைத்துத் தூக்கினார்கள். படியிறங்கி, நடைபாதை தாண்டித் திரும்பும்போது சந்தூக் பீரோவில் இடித்தது. "பீரோவத் தள்ளுங்கப்பா" என்று யாரோ சொல்ல, நான்கு பேர் சேர்ந்து கண்மூடித் திறப்பதற்குள் உள்ளே தள்ளிவிட்டார்கள். ஹுமேரா ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவுதான் வேலை. உயிரோடு இருந்த மனிதர் கேட்டபோது அது நடக்கவில்லை. சந்தூக்கின் முன்காலைத் தோளில் வைத்திருந்த அப்சல் தேம்பித் தேம்பி அழுதான். அந்த அழுகையில் பொய் இல்லை, அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

கபர்ஸ்தானிலிருந்து எல்லாரும் திரும்பிய பிறகு, வியாபாரிகள் சங்கத் தலைவர் மாதவராஜ் வந்தார். துக்கம் விசாரித்துவிட்டு நாற்காலியை அப்சல் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ரோட்டக் குறுக்கிப்புட்டாங்க தம்பி. அதனாலதான் இப்படி ஆகிப்போச்சு. சங்கத்துல ஒரு பேனர் வெக்கலாம்னு இருக்குது. அப்பா படம் போட்டா நாலு பேரு காது குடுத்துக் கேப்பாங்க. இந்தப் பாதைய எடுத்தே ஆகணும்."

அப்சல் தலையை ஆட்டினான்.

அவர் போனதும் ஹுமேரா இறங்கி வந்தாள்.

"அத்தா எதச் சுத்திக்கிட்டு ரோட்டுல எறங்குனாருன்னு அந்த பேனர்ல போடுவியா அண்ணே?"

அப்சல் நாற்காலிக் கையில் ஒட்டியிருந்த உறைத் துண்டை நகத்தால் உரித்துக்கொண்டிருந்தான்.

"கடைய மூடிட்டு அரூர்ல உன் வூட்ல வந்து ஒக்காந்துக்கட்டுமா?"

"பீரோவ உள்ள வைன்னுதான் சொல்றேன்."

"எல்லாக் கடையும் வெளிய வெச்சிருக்குது. நான் மட்டும் உள்ள வெச்சா?" பிறகு, அவள் முகத்தைப் பார்க்காமல், "அத்தா போட்டோ உன்கிட்ட நல்லதா ஒண்ணு இருக்குதில்ல, அத அனுப்பு" என்றான்.

அவள் அனுப்பவில்லை. அனுப்பாமல் என்ன பயன்? பாதை திறந்த அன்றைக்கே அதைக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டு வைத்திருந்தாள்.

மூன்றாம் நாள் பாத்திஹா ஓதி முடிந்து, ஊருக்குக் கிளம்புமுன் ஜன்னலருகே வந்தாள். கடை திறந்திருந்தது. துக்கத்துக்குப் போட்ட நாற்காலிகளை அப்சல் ஈரத்துணியால் துடைத்து, விற்பனைக்குப் பாதையில் அடுக்கியிருந்தான். பீரோவும் பழைய இடத்துக்கு வந்துவிட்டது. அதன் பக்கத்தில், பச்சைப் பெயின்டின் மேலேயே, சவுக்குக் கம்பு நட்டு பேனர் கட்டியிருந்தார்கள். 'உயிர் குடித்த சைக்கிள் பாதையை உடனே அகற்று.'

அத்தா தாடையைத் தூக்கிச் சிரித்துக்கொண்டிருந்தார். பேனர் போட்டவன் சைக்கிளை வெட்டி எடுத்துவிட்டான். வலது கை மட்டும் எதையோ பிடித்தபடி மூடியிருந்தது.

பள்ளிச் சீருடையில் ஒரு பெண் சைக்கிளில் வந்தாள். பேனரைப் பார்த்து இரண்டு தரம் மணி அடித்தாள். பிறகு, பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டு, அத்தாவைச் சுற்றி ரோட்டில் இறங்கினாள்.

உள்ளறையில் ரஹமத் பீவி எழுந்து அடுக்களைக்குப் போனாள். பாத்திரத்தில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.