குமிழ்நகை

கூடத்தில் கிடத்தியிருந்த அப்பாவின் சட்டைப் பையிலிருந்த சிவப்புப் பென்சிலை எடுப்பதா விடுவதா என்று மகள் யோசித்துக்கொண்டிருந்தபோது, பதிப்பாசிரியர் மெய்ப்புக் கட்டோடு வந்து நின்றார். சாவு வீட்டுக்கு மெய்ப்பு திருத்த வந்த முதல் மனிதர் அவராகத்தான் இருப்பார்.

அப்பாவும் அவரும் முப்பது வருஷம் உழைத்த அகராதி, சாயங்காலம் அச்சுக்குப் போகிறது.

"மன்னிச்சிடும்மா. போன வாரம் உங்கப்பா போன்ல, 'இதுல ஒரு வார்த்தை நானே கட்டிவிட்டது, முடிஞ்சா கண்டுபிடிய்யா'ன்னு சிரிச்சார். எனக்குத் தூக்கமே போச்சு. உனக்குத் தெரியும்னாரே?"

தெரியும். சொன்னால் அப்பாவுக்கு விளையாட்டுப்பிள்ளை என்று பெயர் வந்துவிடும். சொல்லாவிட்டால் பொய் அச்சேறிவிடும். வழக்கில் இல்லாத சொல்லுக்கு இடமில்லை என்று ஊரையே விரட்டியவர், ஒரு சொல்லின் பொருளுக்காக மாதக்கணக்கில் அலைந்தவர், ஏன் இப்படிச் செய்தார்? "விளையாடத் தெரியாதவன்கிட்ட வார்த்தை ஒட்டாதுடி" என்பார். அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. இனி அவரிடமே சண்டை போட முடியாது என்பதுதான் தாங்கவில்லை.

குனிந்து மெல்லச் சொன்னாள்: "குமிழ்நகை."

தலைமாட்டில் அழுதுகொண்டிருந்த அத்தைக்குப் பாதிதான் காதில் விழுந்தது. அழுகை சட்டென்று நின்றது.

"என்னது, நகையா? எங்கம்மாவோடதா? அண்ணன் எங்கிட்ட மூச்சு விடலையே! எங்க இருக்கு?"

பதிப்பாசிரியர் வாழ்க்கையில் எந்தக் கேள்விக்கும் தப்பாகப் பதில் சொன்னதில்லை.

"'கு' வரிசையிலம்மா. எடுக்கணுமா, விட்டுடலாமான்னுதான் பேசிட்டிருக்கோம்."

"யாரைக் கேட்டு எடுப்பீங்க? எங்கண்ணன் வச்சது வச்ச இடத்துல இருக்கட்டும். யாரும் கை வைக்கக் கூடாது, சொல்லிட்டேன்!"

மகளுக்கு அடிவயிற்றிலிருந்து என்னவோ கிளம்பியது. துப்பட்டாவை வாயில் அழுத்தினாள். அழுத்த அழுத்தத் தோள் குலுங்கியது. "அழட்டும், விடுங்க" என்றார் யாரோ. அத்தை பதறிப்போய் அவளை மார்போடு கட்டிக்கொண்டாள்.

பதிப்பாசிரியர் பக்கத்தைத் தேடிப் பிடித்தார்.

'குமிழ்நகை: சிரிக்கக் கூடாத இடத்தில், அடக்க அடக்கப் பொங்கும் சிரிப்பு.'

இரண்டு முறை படித்தார். அவளைப் பார்த்தார். அவர் மீசையும் துடிக்க ஆரம்பித்திருந்தது.

"வழக்குல வந்துடுச்சேம்மா" என்றார்.

அப்பாவின் பையிலிருந்து பென்சிலை எடுத்து, அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் சரி போட்டார். பிறகு, அப்பா எப்போதும் வைப்பதுபோலவே கூர் மேலே தெரிய, பையில் திரும்பச் செருகினார்.