சமையலறைத் தாழ்ப்பாள்

ஆஞ்சலா அம்மாள் ஜெபத்திலேயே ஆளைக் குத்திவிடுவாள். இது புறம்பேச்சு இல்லை. பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுனில் அவள் போகிற சபையில் யாரைக் கேட்டாலும் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். முகத்துக்கு நேரே சொல்ல முடியாததையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு ஆண்டவரிடம் சொல்லுவாள், அதுவும் சம்பந்தப்பட்டவர் பக்கத்திலேயே முழங்கால் போட்டிருக்கும்போது. பதில் சொல்ல வழியில்லை. நடுவில் வாயைத் திறந்தால் ஜெபத்தைக் கெடுத்த பாவம் வந்து சேரும். முடிந்ததும் எல்லாரும் ஆமென் சொல்லியாக வேண்டும், குத்துப்பட்டவர் உட்பட.

அந்த ஆமெனை மருமகள் சோனியா மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். தினமும் ராத்திரி எட்டு மணிக்குக் குடும்ப ஜெபம். மகன் அலெக்சாண்டர் பாட்டு ஆரம்பிப்பான், சோனியா வேதம் வாசிப்பாள், பிறகு ஆஞ்சலா அம்மாள் தொடங்குவாள். "ஆண்டவரே, இந்த வீட்டிலே ஒரு பிள்ளை இருக்கிறாள். காலையிலே எழும்ப அவளுக்கு ஒரு பெலனைத் தாரும். உப்புப் போடுகிற விஷயத்திலே ஒரு தெளிவைத் தாரும். தாய்வீட்டோடு போனில் பேசுகிற நேரத்திலே பாதியையாவது உமக்குக் கொடுக்க அவளை ஏவியருளும்." இத்தனைக்கும் பெயர் வராது. வீட்டில் இருந்ததே மூன்று பேர்தான், அதில் பிள்ளை என்று சொல்லக்கூடியவள் ஒருத்திதான்.

அலெக்சாண்டர் நல்லவன். அடுக்குமாடிகளில் லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை. மேலேயும் போகாமல் கீழேயும் வராமல் நடுவில் நின்றுவிட்ட லிஃப்டுகளோடு பழகிப் பழகி அவனும் அப்படியே ஆகிவிட்டான். அம்மா சொன்னாலும் ஆமென், மனைவி சொன்னாலும் ஆமென். நரி இடம் போனால் என்ன, வலம் போனால் என்ன, மேலே விழுந்து பிடுங்காமல் இருந்தால் சரி என்கிற கட்சி.

சோனியா ஆனேக்கல்காரி. அந்த ஊரிலிருந்து பெங்களூருக்குக் காலேஜுக்கு வந்த நாட்களில் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஆண்டவரோடு பேசிக்கொண்டே வருவாள். உதடுகூட அசையாது. பரீட்சை, பக்கத்து வீட்டு நாய், புதுச் செருப்பு கடிக்கிறது என்று எல்லாமும் உண்டு. அது அவளுக்கு ஜெபம் என்றே தோன்றியதில்லை, கூட வருகிற ஆளோடு பேசுகிற மாதிரிதான் இருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு அந்தப் பேச்சு எங்கே போனது என்று தெரியவில்லை. கண்ணை மூடினால் மாமியாருடைய குரல்தான் முதலில் வந்தது. மனசுக்குள்ளே அதற்குப் பதில் சொல்ல ஆரம்பித்துவிடுவாள். உப்புக்கு ஒரு பதில், போனுக்கு ஒரு பதில். வக்கீல் வாதாடுகிற மாதிரி வாதாடி முடித்து, கடைசியில் ஆண்டவர் ஞாபகம் வரும்போது தூக்கம் வந்துவிடும்.

அப்படியே காலம் ஓடியிருக்கும். ஆனால் ஒரு ராத்திரி, மாமியார் முடித்து ஜெபம் பண்ணும் முறை சோனியாவுக்கு வந்தபோது, அவள் வாயிலிருந்து தானாக ஒன்று வந்தது. "ஆண்டவரே, முழங்கால் வலி இருக்கிறவர்கள் எதிர்வீட்டு மாடிப்படி ஏறிப் போய் வம்பு பேசும்போது மட்டும் அந்த வலியை எடுத்துப்போடுகிற உம்முடைய கிருபைக்காக ஸ்தோத்திரம்."

ஆஞ்சலா அம்மாளின் ஆமென் அன்றைக்குப் பல்லுக்கு நடுவிலிருந்து வந்தது. அலெக்சாண்டர் இருமுவதுபோலச் சிரிப்பை அடக்கினான். சோனியாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. சரியான இடத்தில் போட்டோம் என்று படுக்கும்வரை சந்தோஷமாகத்தான் இருந்தாள். படுத்த பிறகுதான் பயம் வந்தது. நாளைக்கு என்ன சொல்லலாம் என்று அதற்குள் மனசு தேட ஆரம்பித்திருந்தது. இன்னும் கொஞ்ச வருஷம் போனால் இந்த வீட்டில் இரண்டு ஆஞ்சலா அம்மாள்கள் இருப்பார்கள் என்று அவளுக்குப் புரிந்தது. தன்னோடு பஸ்ஸில் வந்தவரைத் தானே விரட்டிவிட்டோம் என்று நினைத்து அழுதாள். அழுது முடித்தபோது ஒரு முடிவோடு இருந்தாள். தினமும் கொஞ்ச நேரம், யார் காதும் இல்லாத ஒரு இடத்தில், அவரோடு தனியாகப் பேசியே தீருவது.

முடிவு எடுப்பது சுலபம், இடம் கிடைக்க வேண்டாமா? அந்த ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் டென்சில் பிரசங்கத்தில், தனியறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஜெபம் பண்ணுங்கள் என்று உருக்கமாகச் சொன்னார். அவருக்கென்ன, சபை கொடுத்த வீட்டில் நாலு அறை. சோனியா இருந்தது ஒரு பழைய பங்களாவின் பின்கட்டு. ஒரு ஹால், அதை இரண்டாக்க ஒரு பிளைவுட் தடுப்பு, தடுப்பில் கதவுக்குப் பதிலாக ஒரு திரை, அப்புறம் ஒரு சமையலறை. பாத்ரூம் வெளியே. அதில் போய் நின்று பார்த்தாள். கண்ணை மூடியதும் அலெக்சாண்டர் கதவைத் தட்டி வேலைக்கு நேரமாச்சு என்றான். சாயங்காலம் வேலை விட்டு வரும்போது சர்ச்சுக்குப் போனாள், பூட்டியிருந்தது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்தால் பாடகர் குழுப் பெரியவர் ஒருவர் வந்து, வீட்டில் எல்லாரும் சௌக்கியமா, ஏன் தனியா உட்கார்ந்திருக்கே, ஏதாவது பிரச்சினையா என்று ஆரம்பித்துவிட்டார். அவள் ரிசப்ஷனில் இருக்கும் பல் ஆஸ்பத்திரியில் தனிமை என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒருவர் பல்லைப் பிடித்துக்கொண்டு முனகுவார், இன்னொருவர் கன்னடத்தில் டாக்டர் எப்போ வருவார் என்று கேட்பார்.

கடைசியில் அவள் சமையலறைக் கதவைப் பார்த்தாள். நல்ல பழைய மரக்கதவு. வெளிப்பக்கம் பூனைக்காக ஒரு கொக்கி உண்டு, உள்பக்கம் ஒன்றும் இல்லை. ஹார்டுவேர் கடைக்குப் போய்ச் சமையலறைக்கு ஒரு தாழ்ப்பாள் கேட்டாள். கடைக்காரர் வெளியே போடவா, உள்ளே போடவா என்று கன்னடத்தில் கேட்டார். உள்ளே என்றதும் அவளை ஒரு மாதிரி பார்த்துவிட்டுத்தான் எடுத்துக் கொடுத்தார். அலெக்சாண்டரின் டிரில்லிங் மெஷினை எடுத்து அவளே மாட்டினாள். அவன் வந்து பார்த்தான். தாழ்ப்பாளையும் பார்த்தான், மனைவி முகத்தையும் பார்த்தான். ஸ்க்ரூ கொஞ்சம் கோணலா இருக்கு என்று மட்டும் சொல்லி நேராக்கிக் கொடுத்துவிட்டுப் போனான்.

மறுநாள் விடியும்முன் சோனியா சமையலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டாள். ஆஞ்சலா அம்மாள் எழுந்ததும் காபி குடித்தாக வேண்டும், இல்லாவிட்டால் அவளுக்குப் பொழுது விடியாது. வந்தாள், தள்ளினாள், திறக்கவில்லை. சோனியா என்று கூப்பிட்டாள், தட்டினாள், பால் என்னாச்சு என்று கேட்டாள். சோனியா உள்ளே அரிசி டின்மேல் உட்கார்ந்திருந்தாள். எழுந்து திறந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும், அவ்வளவுதான் விஷயம். அவள் எழவில்லை. பத்து நிமிஷம் ஆண்டவரோடு பேசினாளா என்றால், இல்லை. தட்டல் சத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். ஆனாலும் உட்கார்ந்திருந்தாள்.

திறந்து காபி போட்டுக் கொடுத்தபோது ஆஞ்சலா அம்மாள் எனக்கு வேணாம் என்று திரும்பிக்கொண்டாள். மகனை ஃபிளாஸ்க்கோடு தெருமுனை ஓட்டலுக்கு அனுப்பினாள். ராத்திரி ஆண்டவருக்கு முழு அறிக்கையும் போனது. வயசான ஒரு அடியாள் ஒரு வாய் காபிக்கு ஒரு கதவண்டை பிச்சைக்காரி மாதிரி நின்றது, திறக்காத அந்தக் கதவு, இரும்பைவிடக் கடினமான ஒரு இருதயம். சோனியா ஆமென் சொன்னாள். தன் முறை வந்தபோது நல்ல நாளுக்காக ஸ்தோத்திரம் என்று ஒரு வரியோடு நிறுத்திக்கொண்டாள். நாக்கு நுனியில் ஓட்டல் காபியைப் பற்றி அருமையான ஒன்று தயாராக இருந்தது. அதை விழுங்கியதுதான் அன்றைக்கு அவளுடைய பெரிய காணிக்கை.

மறுநாளும் தாழ்ப்பாள் போட்டாள், அதற்கு அடுத்த நாளும். காபிக்கு முந்தின ராத்திரியே டிகாஷன் இறக்கி, பாலோடு வெளியே ஹாலில் வைத்துப் பார்த்தாள், மின்சார அடுப்பும் பக்கத்தில். ஆஞ்சலா அம்மாள் அதைத் தொடவில்லை. சண்டை காபிக்காக இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

பத்துப் பதினைந்து நாளில் பாஸ்டர் டென்சில் வந்தார், ஆஞ்சலா அம்மாள்தான் போன் பண்ணி வரவழைத்திருந்தாள். கேக் சாப்பிட்டார், லிஃப்ட் வேலை எப்படி என்று அலெக்சாண்டரை விசாரித்தார், தயங்கித் தயங்கி விஷயத்துக்கு வந்தார். கதவைச் சாத்தச் சொன்னது நீங்கள்தானே என்று சோனியா பணிவாகக் கேட்டாள். அவர் கொஞ்சம் சங்கடப்பட்டு, அது பொதுவாகச் சொன்னது என்றார். சும்மா சாத்திக்கொள்ளலாமே, தாழ்ப்பாள் எதற்கு, பெரியவர்கள் மனசு நோகாமல் இருக்குமே என்று ஒரு சமாதானமும் வைத்தார். நியாயமாகத்தான் பட்டது. அலெக்சாண்டர் அவசரமாகத் தலையாட்டினான்.

"இல்ல பாஸ்டர்," என்றாள் சோனியா. "சும்மா சாத்தினா யாராவது தொறந்துடுவாங்கன்னு காது கதவுமேலயே இருக்கும். அப்புறம் நான் அவங்களுக்குத்தான் ஜெபம் பண்ணுவேன், ஆண்டவருக்கு இல்ல. சமையல் எதுவும் கொறையாது. எட்டு மணி ஜெபத்துக்கும் உக்காருவேன். இந்தக் கொஞ்ச நேரத்த மட்டும் விட மாட்டேன்."

பாஸ்டர் அவளையும் ஆஞ்சலா அம்மாளையும் மாறி மாறிப் பார்த்து, ஜெபித்துவிட்டுப் போனார். அந்த ஜெபத்தில் அவர் யார் பக்கமும் சாயாமல் நடந்த நேர்த்தியை அலெக்சாண்டர் மனசுக்குள் பாராட்டியிருப்பான்.

அன்று சாயங்காலம் சோனியா கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது ஆஞ்சலா அம்மாள் சமையலறை வாசலில் வந்து நின்றாள். கோபமாக இல்லை. என்றைக்கும் இல்லாத ஒரு தயக்கம் இருந்தது. தாழ்ப்பாளை விரலால் ஒருமுறை இழுத்துப் பார்த்தாள்.

"உள்ள உக்காந்து என்னப் பத்தி என்ன சொல்றே அவர்கிட்ட?"

சோனியாவுக்கு அப்போதுதான் விளங்கியது. இத்தனை நாளும் இந்த அம்மாள் காபிக்காகத் தவிக்கவில்லை. ஜெபம் என்றால் அடுத்தவரைப் பற்றிச் சொல்வது என்றே பழகியவளுக்கு, கதவுக்குப் பின்னால் தன் பெயர் அடிபடுகிறது, தன்னால் ஒரு வார்த்தைகூடக் கேட்க முடியவில்லை என்பதுதான் பயம். எட்டு மணி ஜெபத்தில் குத்து வாங்கி வாங்கித் தான் பட்ட பாட்டை, இவள் காலையில் பட்டுக்கொண்டிருக்கிறாள். சோனியாவுக்கு மாமியார்மேல் முதல் தடவையாகப் பரிதாபம் வந்தது. இல்லவே இல்லை அத்தை என்று பொய் சொல்லிச் சமாளிக்கலாம். ஜெபம் பண்ணுகிற அந்த அறையிலேயே உட்கார்ந்து பொய் சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை.

"மொதல்ல எல்லாம் உங்களப் பத்திதான் சொன்னேன் அத்தே. தெனமும் சொன்னேன். எல்லாத்தையும் சொன்னேன். அவர் கேட்டுக்கிட்டே இருந்தார், நடுவுல ஆமென் போட யாருமில்ல. ஒருநாள் சொல்றதுக்கு ஒண்ணும் இல்லாம முடிஞ்சிபோச்சு. அப்புறம் என்னப் பத்திச் சொல்ல வேண்டியதாப் போச்சு."

"உன்னப் பத்தி என்ன?"

"அது அவருக்கும் எனக்கும், அத்தே."

கீரையில் ஒரு பழுத்த இலை கிடந்தது, ஆஞ்சலா அம்மாள் அதை எடுத்துப் போட்டுவிட்டு ஹாலுக்குப் போனாள்.

ராத்திரி எட்டு மணிக்கு வழக்கம்போல் முழங்கால் போட்டார்கள். பாட்டு முடிந்தது, வேதவாசிப்பு முடிந்தது. சோனியா முதுகை நிமிர்த்திக்கொண்டு வாங்கத் தயாரானாள். "ஆண்டவரே," என்றாள் ஆஞ்சலா அம்மாள், "இந்த வீட்டிலே ஒரு பிள்ளை..." அதோடு நின்றது. மேலே மின்விசிறி சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது. அலெக்சாண்டர் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தான். அம்மா தொண்டையைச் செருமினாள். "இந்த வீட்டிலே ஒரு பிள்ளை..." என்று மறுபடியும் ஆரம்பித்தாள். மறுபடியும் நின்றது. கடைசியில் அவள், சபைத் தமிழையெல்லாம் விட்டுவிட்டு, வீட்டுப் பேச்சிலேயே சொன்னாள்:

"மீதிய காலையில சொல்றேன். ஆமென்."

ஆஞ்சலா அம்மாளின் சரித்திரத்திலேயே சின்ன ஜெபம் அதுதான். ஆமென் சொல்ல அலெக்சாண்டருக்கும் சோனியாவுக்கும் கொஞ்ச நேரம் ஆயிற்று.

விடியும்முன் சோனியா எழுந்து வந்தபோது சமையலறைக் கதவு சாத்தியிருந்தது. மெதுவாகத் தள்ளினாள். உள்ளே தாழ்ப்பாள். ஆஞ்சலா அம்மாள் என்றால் தெருமுனை வரைக்கும் கேட்கிற குரல், இன்றைக்கு ஒரு முணுமுணுப்புத்தான் வந்தது. என்னைப் பற்றித்தான் சொல்கிறாள், உப்பிலிருந்து தாழ்ப்பாள் வரைக்கும் ஒன்று விடாமல் சொல்கிறாள் என்று சோனியாவுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. காதைக் கதவில் வைத்தால் போதும். கை கதவு வரைக்கும் போய்விட்டது. அப்புறம் கையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வெளியே போய்ப் படியில் உட்கார்ந்தாள். முதல் நாள் உள்ளே உட்கார்ந்திருந்தது எவ்வளவு கஷ்டமாக இருந்ததோ, அதைவிட வெளியே உட்கார்ந்திருப்பது கஷ்டமாக இருந்தது. காபி இல்லாமல் தலை வலிக்க ஆரம்பித்தது. ஆனாலும் அசையவில்லை. மூன்று வருஷம் கழித்து, பஸ் ஜன்னலோரம் பேசிய மாதிரி, பேச்சு தானாக வந்தது. அந்த அம்மா சொல்றதக் கேளுங்க, நான் அப்புறம் வரேன் என்றாள்.

நன்றாக விடிந்த பிறகுதான் தாழ்ப்பாள் திறக்கிற சத்தம் கேட்டது. ஆஞ்சலா அம்மாள் கையில் இரண்டு டம்ளர் காபியோடு வாசலுக்கு வந்தாள். கண் சிவந்திருந்தது. ஒரு டம்ளரை மருமகளிடம் நீட்டினாள், முகத்தைப் பார்க்காமல்.

"உன்னப் பத்தி இன்னும் முடியல," என்றாள். "நாளைக்கும் அந்தத் தாழ்ப்பாள் எனக்கு வேணும்."

"எடுத்துக்கோங்க அத்தே," என்றாள் சோனியா. "நான் உங்களுக்கு முன்னாடி எழுந்து முடிச்சுக்கறேன்."