எவனுக்கு நேர்ந்த அங்கி

நேர்த்தி வைத்துவிட்டு அதை நிறைவேற்ற மறந்தவர்கள் ஊருக்குப் பத்துப் பேர் இருப்பார்கள். யாருக்காக நேர்ந்தோம் என்பதையே மறந்தவளைக் கண்டிருக்கிறீர்களா? குருநகர் சிசிலியா மறந்தாள். மறந்துவிட்டு ஒரு மாதம் அவள் பட்ட பாட்டை நாய்கூடப் படாது.

அறுபத்தெட்டாம் ஆண்டு ஜூன் மாதம் அவளுடைய இரண்டு பொடியன்களையும் ஒரே வாரத்தில் நெருப்புக்காய்ச்சல் விழுத்தியது. மூத்தவன் கனிசியசுக்கு ஒன்பது வயது. இளையவன் சிமியோனுக்கு எட்டு நடந்தது. புருஷன் நீக்கிலாப்பிள்ளை முல்லைத்தீவுக் கரையில் வாடிக் குடிசை போட்டு மீன்பிடித் தொழில் செய்துகொண்டிருந்தான். சோளகக் காற்று அடங்கினால்தான் ஊருக்கு வருவான். ஆசுப்பத்திரியில் டொக்டர் உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போன ஒரு மத்தியானம், இரண்டு கட்டில்களுக்கும் நடுவில் நின்று அவள் அந்தோனியாரைக் கூப்பிட்டாள். பிள்ளையைத் திருப்பித் தந்தால் ஒரு மாதம் உம்முடைய அங்கியைப் போடுவித்து, கடைசிச் செவ்வாய்க்கிழமை உம்மிடம் கூட்டிவருகிறேன் என்றாள். பிள்ளை என்று பொதுவாகச் சொல்லவில்லை. ஒரு பெயரைச் சொன்னாள். ஒரேயொரு பெயர்தான். அது மட்டும் அவளுக்கு நல்ல நினைவு.

இரண்டு பேருமே எழும்பிவிட்டார்கள். அங்கியோடு பள்ளிக்கூடம் போனால் பொடியள் பகிடி பண்ணுவார்கள் என்று, ஓகஸ்ட் விடுமுறைவரைக்கும் அந்தோனியாரிடம் தவணை கேட்டுக்கொண்டாள். மண்ணிறத் துணி வாங்கிக் கணுக்கால்வரை நீளமாக அங்கி தைத்து, இடுப்புக்கு மூன்று முடிச்சுப் போட்ட வெள்ளைக் கயிறும் திரித்து முடித்த பிறகுதான் அவளுக்குத் திக்கென்றது. எவனுக்கு?

ஞாயிற்றுக்கிழமை மூத்தவனுக்கு மோசம். திங்கட்கிழமை இளையவனுக்கு மோசம். நேர்ந்தது ஞாயிறா, திங்களா? அன்றைக்கு யார் வந்தார்கள், என்ன சாப்பிட்டாள் என்று நூல் பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்தாள். யாரோ கொடுத்த தேத்தண்ணியில் சீனி இல்லை என்பது மட்டும்தான் அகப்பட்டது. தொலைந்த சாமானைத் தேடிக் கொடுப்பதில் அந்தோனியாரை மிஞ்ச ஆளில்லை. வலை போனாலும் பூட்டுத் திறப்புப் போனாலும் குருநகரில் அவரைத்தான் கேட்பார்கள். ஆனால் உமக்கு நேர்ந்த பெயரையே தொலைத்துவிட்டேன், தேடித் தாரும் என்று அவரிடமே எந்த முகத்தோடு கேட்பது?

பக்கத்து வீட்டுப் பெர்னடெட் அக்காவிடம் மட்டும் சொன்னாள்.

"ரெண்டு பேருக்கும் தைச்சுப் போட்டுவிடன், விசரி," என்றாள் பெர்னடெட்.

"ஒருத்தனெண்டு சொல்லிப்போட்டு ரெண்டு பேரைக் கொண்டுபோய் நிப்பாட்டினால், எனக்கு மறந்துபோச்செண்டு அவருக்குத் தெரிஞ்சுபோமல்லோ அக்கா!"

பெர்னடெட்டுக்குச் சிரிப்பு வந்தது. சிசிலியாவுக்கு வரவில்லை. கேட்டதைக் கொடுக்கிறவர், சொன்னது பிழைத்தால் கொடுத்ததைத் திருப்பி எடுக்கவும் தெரிந்தவர் என்பது அவளுடைய பயம். பிழையான பிள்ளைக்கு அங்கியைப் போட்டுவிட்டால் சரியான பிள்ளை போய்விடும்.

மூத்தவன் என்ற ஒரே நியாயத்தில் கனிசியசுக்குப் போட்டாள். அங்கி போட்டிருக்கிற மாதம் தூஷணம் பேசக்கூடாது, சண்டை பிடிக்கக்கூடாது, கடலில் இறங்கக்கூடாது என்று சட்டங்களை அடுக்கினாள்.

"அம்மா, இது எனக்கெண்டு நல்ல வடிவாத் தெரியுமோ?" என்று கேட்டான் கனிசியஸ்.

"தெரியாமல் போடுவனே?"

அவன் அவளுடைய முகத்தைப் பார்த்தான். பிறகு தம்பியைக் கூட்டிக்கொண்டு வெளியே ஓடிவிட்டான்.

அதற்குப் பிறகு அந்தப் பொடியன்களை வீட்டில் கண்டவர் இல்லை. அங்கி போட்ட பிள்ளை வாசல் படலைக்கு வந்தால் குருநகரில் யாரும் வெறுங்கையோடு அனுப்பமாட்டார்கள். வள்ளக்காரர் கூப்பிட்டு, "முதல் வலையை உன்ரை கையாலை தொட்டுவிடடா," என்று கெஞ்சினார்கள். தொட்டுவிட்ட கூலிக்கு அண்ணனும் தம்பியும் மண்டைதீவுவரை வள்ளத்தில் போய் வந்தார்கள். மானிப்பாய் பஸ்ஸில் ரிக்கற் கேட்கக் கொண்டக்டருக்கு மனம் வரவில்லை. நீர்வேலிப் பஞ்சலிங்கம் வாழைக்குலை ஏற்றிக்கொண்டு சந்தைக்கு வந்த மாட்டுவண்டி வெறுமையாகத் திரும்பியபோது இரண்டு பேரும் அதில் ஏறிப் போய், தோட்டத்துத் தொட்டியில் ஊறி, வாய்க்காலில் கப்பல் விட்டு, வாழைச்சீப்போடு இறங்கினார்கள். பஞ்சலிங்கம் விபூதி பூசுகிற மனிதர். ஆனாலும் அந்தோனியாரைப் பகைக்க அவருக்கும் துணிவில்லை.

இவ்வளவும் சிசிலியாவுக்குத் துண்டு துண்டாகத்தான் வந்து சேர்ந்தது. வந்த துண்டுகளோ ஒன்றோடொன்று பொருந்தவில்லை.

"உன்ரை சின்னவன் அங்கியோடை இறங்குதுறையிலை நிக்கிறான்," என்றாள் பெர்னடெட்.

"அது மூத்தவன் அக்கா. ரெண்டும் ஒரே அச்சுத்தானே."

"முன்பல்லு விழுந்தவன் எவன்?"

முன்பல்லு விழுந்தவன் சிமியோன். சிசிலியா உலையை இறக்கி வைத்துவிட்டு ஓடினாள். போய்ச் சேர்ந்தபோது அங்கி போட்டிருந்தவனுக்குப் பற்கள் எல்லாம் இருந்தன. பெர்னடெட்டின் கண்ணில் கோளாறா, தன்னுடைய கண்ணில் கோளாறா என்று தெரியாமல் திரும்பி வந்தாள். மறுநாள் சந்தையில் பஞ்சலிங்கம், "உங்கடை பல்லில்லாத சாமியாருக்கு நல்ல வாய்," என்று புகழ்ந்துவிட்டுப் போனார். அதற்கடுத்த நாள் அங்கியின் கீழ்க்கரையில் நாயுருவி ஒட்டியிருந்தது. ஆனால் கால் கீறியிருந்தது சிமியோனுக்கு. அங்கி தானாகவே பிள்ளை மாறுகிறதோ, அந்தோனியார் ஏதாவது அடையாளம் காட்டுகிறாரோ என்றுகூட யோசித்தாள்.

இரண்டாம் வாரம் கையும் களவுமாகப் பிடித்தாள். வற்றுக்கடலில் முழங்கால் தண்ணீரில், அங்கியை இடுப்புவரை சுருட்டிக் கயிற்றில் செருகிக்கொண்டு, மீன்தலை கட்டிய நூலால் நண்டு பிடித்துக்கொண்டிருந்தான் சிமியோன். பக்கத்தில் களிசானோடு பானையைப் பிடித்துக்கொண்டு நின்றான் கனிசியஸ். அவளுக்கு வந்த ஆத்திரத்துக்குப் பூவரசங்கம்பு போதாது. ஆனால் அங்கி போட்டவனை அடிக்க முடியுமா? ஆகவே களிசான் போட்டவனுக்கு இரண்டு பங்கும் விழுந்தது.

"ஏன்டா அவனுக்குக் குடுத்தனி? வாயைத் திறந்து சொல்லு!"

கனிசியஸ் பானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தம்பியைப் பார்த்தான்.

"அண்ணைதான் ஒருநாளைக்கு ஒராள் எண்டு சொன்னவர்," என்றான் சிமியோன், நண்டை விடாமல்.

வாழைப்பழத்துக்காகப் பங்கு போட்டிருக்கிறார்கள் என்று சிசிலியா முடிவு கட்டினாள். பிறகு அந்த முடிவும் ஆட்டங்கண்டது. ஒருவேளை உண்மையில் சிமியோனுக்குத்தான் நேர்ந்தாளோ, அந்தோனியாரே பார்த்துத் திருத்துகிறாரோ? அடுத்த நாள் காலை தன் கையாலேயே சிமியோனுக்குப் போட்டுவிட்டாள். மத்தியானம் பார்த்தால் அது கனிசியசின் உடம்பில் இருந்தது. அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

கடைசிச் செவ்வாய்க்கு நாலு நாள் இருக்கும்போது, வெள்ளிக்கிழமை, இரண்டு பேரும் நீர்வேலியிலிருந்து கொதிவெயிலில் நடந்தே வந்தார்கள். படலையடியிலேயே சிமியோன் ஓங்காளித்துச் சத்தி எடுத்தான். தொட்டுப் பார்த்தாள், உடம்பு கொதித்தது. பாயை விரித்துப் படுக்கவைத்தாள். அன்றைக்கு அங்கி போட்டிருந்தவன் கனிசியஸ்.

"பிழையான பிள்ளைக்குப் போட்டிட்டன். ஐயோ, பிழையான பிள்ளைக்குப் போட்டிட்டன்," என்று அவள் வாய்விட்டே புலம்பினாள்.

கனிசியஸ் கயிற்றை அவிழ்த்தான். அங்கியைத் தலைவழியாகக் கழற்றித் தம்பியின்மேல் போர்த்தினான்.

"அம்மா, அண்டைக்கு நான் நித்திரையில்லை."

"எண்டைக்கு?"

"ஆசுப்பத்திரியிலை. நீங்கள் நேந்தபோது."

பிழிந்துகொண்டிருந்த ஈரத்துணியைச் சட்டிக்குள் போட்டுவிட்டு அவள் அவனிடம் திரும்பினாள்.

"நீங்கள் ஒராளைத்தான் கேட்டனீங்கள். அப்ப மற்றாளை அவர் எடுக்கலாந்தானே? அதுதான் மாறி மாறிப் போட்டனாங்கள். ஆர் எவனெண்டு அவருக்குப் பிடிபடக்கூடாது."

"நான் ஆரின்ரை பேரைச் சொன்னனான், ராசா?"

கனிசியஸ் தம்பியின் கழுத்தடியில் அங்கியை இழுத்துச் சரிசெய்தான்.

"மறந்துபோச்சு," என்றான்.

பொய். ஒன்பது வயதுப் பிள்ளை தாய்க்காகச் சொன்ன பொய். அவன் அப்படிச் சொன்ன அந்த நொடியில்தான் அவளுக்கு எல்லாம் திரும்பி வந்தது. திங்கட்கிழமை. சீனியில்லாத தேத்தண்ணி. மூத்தவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இளையவனுடைய கட்டில் கம்பியைப் பிடித்தபடி, "சிமியோனைத் தாரும்," என்றாள். சொல்லிவிட்டுத் திரும்பியபோது கனிசியசின் கண்கள் இறுக மூடியிருந்தன. நித்திரை கொள்ளுகிற பிள்ளை அப்படி இறுக்கிக்கொண்டு கண்ணை மூடாது. அதை அன்றைக்கே கண்டாள். கண்டபடியால்தான் மறந்தாள்.

அவளுக்கு வெட்கமாக இருந்தது. அவனைக் கட்டிப்பிடிக்கக்கூட வெட்கமாக இருந்தது. இந்தப் பிள்ளைக்குத்தானே வற்றுக்கடலில் வைத்து இரண்டு பங்கும் அடித்தாள்.

பொழுது சாய்வதற்குள் சிமியோனுக்கு உடம்பு குளிர்ந்துவிட்டது. பெர்னடெட் அக்கா தேசிக்காய்த் தண்ணி பருக்கிக் குடைந்து கேட்டதில், வெயிலோடு பதினொரு கதலிப்பழமும் காரணம் என்று தெரியவந்தது. பன்னிரண்டாவதையும் சாப்பிட்டிருப்பானாம், அண்ணை பறித்துவிட்டாராம்.

சனிக்கிழமை சிசிலியா பெட்டியைத் திறந்து தன்னுடைய மண்ணிறச் சேலையை எடுத்தாள். நீக்கிலாப்பிள்ளை ஆசையாக வாங்கிக் கொடுத்த சேலை. கத்தரிக்கோலை வைத்தபோது, "என்னடி செய்யிறாய், அவன் வந்து கேட்டால் என்ன சொல்லுவாய்?" என்று பெர்னடெட் பதறினாள். வரட்டும், சொல்லிக்கொள்கிறேன் என்று இவள் கரகரவென்று வெட்டினாள். திங்கட்கிழமைக்குள் இரண்டாவது அங்கி தயார்.

செவ்வாய்க்கிழமை காலை இரண்டு பேரையும் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். குளித்துத் தலைவாரி, வாயில் வாழைப்பழம் இல்லாமல், இரண்டு சின்ன அந்தோனியார்கள் சுரூபத்துக்கு முன்னால் முழந்தாளிட்டார்கள். சிசிலியா மெழுகுதிரியைக் கொளுத்தினாள். நேர்த்தியை மனதுக்குள்ளே சொல்லி ஒப்புக்கொடுப்பதுதான் வழக்கம். அவள் வாய்விட்டுச் சொன்னாள்; பக்கத்து வாங்கில் குந்தியிருந்த ஆட்கள் திரும்பிப் பார்க்கிற சத்தத்தில் சொன்னாள்.

"அந்தோனியாரே, என்ரை கனிசியசைத் தந்தீர். என்ரை கனிசியசை எனக்குத் தந்தீர். இவனை என்னட்டையிருந்து எடாதையும்."

கனிசியசின் கண்கள் ஆசுப்பத்திரியில் மூடியிருந்தது போலவே இறுக மூடியிருந்தன. இமைக்கடையிலிருந்து தண்ணீர் வழிந்து அங்கியில் விழுந்தது. சற்றுப் பொறுத்துக் கண்ணைத் திறந்தவன், அவளுடைய சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்துக் காதோடு சொன்னான்:

"தம்பியின்ரை பேரையும் சொல்லுங்கோ அம்மா. அவனும் கேட்டுக்கொண்டு நிக்கிறான்."